மார்பக இம்ப்ளான்ட் வைக்க நினைப்பவர்களுக்கு: எந்த வகை, என்ன ஆபத்து, எதைக் கேட்க வேண்டும்

மார்பக இம்ப்ளான்ட், அதாவது அறுவை சிகிச்சை செய்து மார்பகத்துக்குள் வைக்கும் பை, பற்றி விசாரிக்கத் தொடங்கும் பெரும்பாலானோர் முதலில் கேட்பது அளவைத்தான். 300 சிசி (அதாவது மில்லிலிட்டர்) போதுமா, 350 வைக்கலாமா என்று. நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: இது பழுதானால் எனக்கு எப்படித் தெரியும், தெரிந்த பிறகு என்ன செய்வார்கள்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். விளம்பரத்தில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும் வகைகளுக்குள் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்பது அப்போதுதான் புரியும்.

இம்ப்ளான்ட் ஆயுள் முழுக்க வரும் பொருள் கிடையாது. அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ. இதை ஒளிக்காமல் சொல்கிறது. அழகுக்காக வைத்துக்கொண்ட பெண்களில் 20 சதவீதம் வரை 8 முதல் 10 ஆண்டுகளுக்குள் அதை எடுக்க நேர்கிறது என்பது அவர்கள் தரும் கணக்கு. உள்ளே இருக்கும் காலம் கூடக்கூடச் சிக்கல் வரும் வாய்ப்பும் கூடும். ஆகவே 25 வயதில் வைத்துக்கொள்ளும் ஒருவர், பின்னால் இன்னும் ஒன்றிரண்டு அறுவை சிகிச்சைகள் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். அதற்கான பணம், ஓய்வு, துணைக்கு ஆள் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

முதல் படி: இம்ப்ளான்ட்தான் வேண்டுமா என்று பாருங்கள்

வருபவர்களின் தேவை ஒன்றுபோல இருக்காது. சிலருக்கு அளவு கூட வேண்டும். சிலருக்கு இரண்டு பக்கமும் சமமாக இல்லை. சிலர் புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்தவர்கள். இன்னும் சிலர் பிள்ளை பெற்று, பால் கொடுத்து முடித்தபின் மார்பகம் தொங்கிவிட்டது என்று வருகிறவர்கள்.

இந்தக் கடைசி வகையினர்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். தொய்வுக்கு இம்ப்ளான்ட் மருந்தல்ல. முலைக்காம்பு மார்பக மடிப்புக்குக் கீழே இறங்கியிருந்தால், கூடுதல் எடையை உள்ளே வைப்பதால் அது மேலே ஏறாது; நாளாக ஆக இன்னும் இறங்கும். அதற்கு மார்பகத்தைத் தூக்கித் தைக்கும் சிகிச்சை தனியாக இருக்கிறது. சிலருக்கு இரண்டும் சேர்த்துத் தேவைப்படும், சிலருக்குத் தூக்கித் தைத்தாலே போதும். சிறிதளவு அளவு கூடினால் போதும் என்பவர்களுக்கு வயிறு, தொடை போன்ற இடங்களிலிருந்து கொழுப்பை உறிஞ்சி மார்பகத்தில் ஏற்றும் முறை இருக்கிறது. ஏற்றிய கொழுப்பில் ஒரு பகுதியை உடல் கரைத்துவிடும், அதனால் இரண்டாம் முறை தேவைப்படலாம்.

புற்றுநோய்க்குப் பின் வருபவர்களுக்கு வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சொந்தத் திசுவை எடுத்து மார்பகம் அமைக்கும் வழி உண்டு. அது பெரிய சிகிச்சை, ஆறுவதற்கும் நாளாகும்; ஆனால் பத்தாண்டு கழித்து மாற்ற வேண்டிய பொருள் எதுவும் உள்ளே இருக்காது. பிராவுக்குள் வைக்கும் வெளிப்புறச் செயற்கை மார்பகமும் உண்டு. ஒன்றுமே வைக்காமல் மார்பைத் தட்டையாக, அழகாகத் தைத்து முடிக்கச் சொல்லும் பெண்களும் இருக்கிறார்கள். இதையும் ஒரு தேர்வாக மருத்துவர் முன்வைக்க வேண்டும்.

கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள், உடலில் எங்காவது தொற்று இருப்பவர்கள், மார்பகத்தில் சிகிச்சை பெறாத புற்றுநோயோ அதற்கு முந்தைய நிலையோ இருப்பவர்கள் இப்போதைக்கு இதைத் தொடக்கூடாது. வயது வரம்பும் உண்டு. அமெரிக்காவில் அழகுக்காக வைப்பதென்றால் உப்புநீர் நிரப்பும் சலைன் வகைக்கு 18 வயது, சிலிகான் ஜெல் வகைக்கு 22 வயது நிறைந்திருக்க வேண்டும். புற்றுநோய்க்குப் பின் மீட்டமைப்பதற்கு அந்த வரம்பு இல்லை. கணவரோ காதலரோ சொன்னார் என்பதற்காக மட்டும் வருபவர்களிடம் நல்ல சர்ஜன் கொஞ்சம் பொறுத்து வரச் சொல்வார். அப்படிச் சொன்னால் அவர் மேல் மதிப்பு கூட வேண்டும்.

இரண்டாம் படி: உள்ளே என்ன நிரப்பியிருக்கிறார்கள்

எல்லா இம்ப்ளான்டுக்கும் வெளிப்பை சிலிகான்தான். வித்தியாசம் உள்ளே இருப்பதில். ஒன்று சலைன், அதாவது கிருமி நீக்கிய உப்புநீர். மற்றது சிலிகான் ஜெல்.

ஆலோசனை அறையில் மாதிரிகளை மேசையில் வைப்பார்கள். பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள், கையில் எடுங்கள். விளிம்பைப் பிடித்துத் தொங்கவிட்டால் சலைன் பையில் நீர் எல்லாம் அடியில் இறங்கி, மேல்பகுதியில் பை சுருங்கி மடிப்பு விழும். ஒல்லியான உடம்பில், தோலுக்கு அடியில் வரிவரியாகத் தெரியும் என்கிறார்களே, அது இந்த மடிப்புதான். மென்மையான ஜெல் உள்ள பையும் கொஞ்சம் இறங்கும், ஆனால் மடிப்பு குறைவு. கெட்டியான ஜெல் வகை அசையாது, வைத்த வடிவத்தில் நிற்கும். அழுத்திப் பார்த்தால் கை சற்றுத் தடுக்கும். உங்கள் தோலும் அடியில் உள்ள கொழுப்பும் எவ்வளவு மெல்லியவையோ, அவ்வளவுக்கு இந்தச் சோதனை முக்கியம்.

சலைனைக் காலியாகச் சுருட்டி உள்ளே வைத்து, பிறகு வால்வு வழியாக நிரப்புவார்கள். வெட்டு சிறியதாகப் போதும், அளவையும் அங்கேயே கூட்டிக் குறைக்கலாம். ஆனால் அதன் பெரிய நன்மை வேறு. ஓட்டை விழுந்தால் அந்தப் பக்கம் சில நாட்களில் சுருங்கிவிடும், கண்ணாடியில் பார்த்தாலே தெரியும். கசிந்த உப்புநீரை உடல் உறிஞ்சிக்கொள்ளும். பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர ஒளிந்திருக்காது.

சிலிகான் ஜெல் தொடுவதற்கு மார்பகம் போலவே இருக்கும், அதனால்தான் பலரும் அதைக் கேட்கிறார்கள். ஆனால் அது கிழிந்தால் பெரும்பாலும் வெளியே தெரியாது. உடல் அதைச் சுற்றி ஏற்கெனவே ஒரு தழும்பு உறையைக் கட்டியிருக்கும். ஜெல் அதற்குள்ளேயே கிடக்கும். வலி இருக்காது, உருவம் மாறாது. சிலருக்கு உறையையும் தாண்டி வந்து கட்டியாகத் தட்டுப்படும், அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சு வரைக்கும் போகும். ஆகவே சிலிகானைத் தேர்ந்தெடுப்பவர் ஸ்கேனையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். எஃப்.டி.ஏ. 2020இல் சொன்ன ஆலோசனைப்படி, எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் வைத்த 5 அல்லது 6 ஆண்டுகளில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ., அதன்பின் 2, 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை. இதற்குச் செலவாகும், ஞாபகமும் வேண்டும். என்னால் அது முடியாது என்று தோன்றினால் சலைன் பக்கம் யோசியுங்கள். எனக்கு இதில் வெட்கப்பட எதுவும் தெரியவில்லை.

சிலிகானின் வரலாறும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். முதல் சிலிகான் இம்ப்ளான்டை 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரு சர்ஜன்கள் வைத்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 1992இல், பாதுகாப்புக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லி அழகுக்காக சிலிகான் ஜெல் வைப்பதை எஃப்.டி.ஏ. நிறுத்தியது. மீட்டமைப்புக்கும் ஆய்வுக்கும் மட்டும் அனுமதி. 2006இல்தான், கண்காணிப்பு நிபந்தனைகளோடு, திரும்ப அனுமதித்தது. இடையில் சோயா எண்ணெய் நிரப்பிய டிரைலூசென்ட் என்று ஒன்று வந்தது. 1999இல் பிரிட்டனில் அது விற்பனையிலிருந்து விலகியது, மறு ஆண்டே வைத்துக்கொண்டவர்கள் எல்லோரும் எடுத்துவிடுங்கள் என்று அறிவுரை வந்தது. புதிது, இயற்கையானது என்ற சொற்களைக் கேட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பி.ஐ.பி. பிரான்சைச் சேர்ந்த பாலி இம்ப்ளான்ட் புரோதேஸ் என்ற நிறுவனம், மருத்துவத்துக்கு அனுமதிக்காத தொழிற்சாலைத் தர சிலிகானை நிரப்பி விற்றது 2010இல் அம்பலமானது. 65 நாடுகளில் சுமார் 3 லட்சம் பெண்களுக்கு அவை போயிருந்தன. நிறுவனர் ஜான்-கிளோட் மாஸுக்கு 2013இல் 4 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. அந்தப் பைகளுக்கு ஐரோப்பியத் தரச் சான்று முறையாகவே இருந்தது. சான்று இருந்தும் ஏமாற்றலாம் என்றால், நம் கையில் எஞ்சுவது ஒன்றுதான்: எனக்குள் இருப்பது எந்த நிறுவனத்தின் எந்த எண் என்று எனக்கே தெரிந்திருப்பது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மூன்றாம் படி: மேற்பரப்பு

அளவு, வடிவம், ஜெல் எல்லாவற்றையும் விட இப்போதைக்குப் பாதுகாப்பில் முக்கியமான தேர்வு இதுதான். வழவழப்பானதா, சொரசொரப்பானதா?

சொரசொரப்பு ஏன் வந்தது என்பதிலிருந்து பார்த்தால் விஷயம் விளங்கும். உடல் எந்த அந்நியப் பொருளையும் சுற்றித் தழும்புத் திசுவால் ஓர் உறை கட்டும். அது இயல்பு. ஆனால் சிலருக்கு அந்த உறை இறுகி, இம்ப்ளான்டை நெரிக்கும். இந்த உறை இறுக்கத்தை மருத்துவர்கள் பேக்கர் அளவுகோலில் நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் மார்பகம் மென்மையாக, இயல்பாக இருக்கும். இரண்டில் கொஞ்சம் கெட்டி, பார்க்க மாற்றமில்லை. மூன்றில் கெட்டியாகி உருவமும் மாறும். நான்கில் கல்லாகி வலிக்கும். மூன்றும் நான்கும் வந்தால் பெரும்பாலும் திரும்ப அறுவை சிகிச்சைதான். கிருமிகள் இம்ப்ளான்டின் மேல் படலமாக ஒட்டிக்கொள்வது, உள்ளே இரத்தம் கட்டிக்கொள்வது, கதிர்வீச்சு சிகிச்சை ஆகியவை இதைத் தூண்டுகின்றன.

மேற்பரப்பைக் கரடுமுரடாக்கினால் உறை ஒரே சீராக இறுகாது, பையும் புரளாது என்று கணக்குப் போட்டு சொரசொரப்பு வகைகள் வந்தன. உப்புத்தாளைத் தடவுவதுபோல இருக்கும் வகைகள்கூட விற்றன. இறுக்கம் ஓரளவு குறைந்ததும் உண்மை.

பிரச்சினை பிறகுதான் தெரிந்தது. இம்ப்ளான்டைச் சுற்றியுள்ள நீரிலும் உறையிலும் வரும் ஒருவகை லிம்போமா பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு 1997இல் வெளிவந்தது. 2011இல் எஃப்.டி.ஏ. தொடர்பு இருக்கலாம் என்று எச்சரித்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தனி நோயாகப் பட்டியலில் சேர்த்தது. சுருக்கமாக ஏ.எல்.சி.எல். என்பார்கள். இது மார்பகப் புற்றுநோய் இல்லை, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் புற்றுநோய். பெரும்பாலும் சொரசொரப்பான இம்ப்ளான்ட் வைத்தவர்களிடமே வருகிறது. 2019 ஜூலையில் எஃப்.டி.ஏ. கையில் உலக அளவில் 573 நோயாளிகளின் விவரமும் 33 மரணங்களும் இருந்தன. அந்த 573இல் 481 பேர் வைத்திருந்தவை அலர்கன் நிறுவனத் தயாரிப்புகள். எஃப்.டி.ஏ. கேட்டுக்கொண்டதன் பேரில் அந்நிறுவனம் தன் பயோசெல் என்ற சொரசொரப்பு வகையை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அதற்குச் சில மாதங்கள் முன்பே, ஏப்ரலில், பிரான்ஸ் அதிகச் சொரசொரப்பு உள்ளவற்றையும் பாலியூரித்தேன் பூசியவற்றையும் தடை செய்திருந்தது.

பயப்பட வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. உலகில் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவர்களின் தொகையோடு பார்த்தால் இது அரிய நோய். நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலானோருக்கு இம்ப்ளான்டையும் உறையையும் முழுதாக எடுத்தாலே குணமாகிறது. அறிகுறி இல்லாதவர்கள் பயோசெல் வைத்திருந்தாலும் ஓடிப்போய் எடுக்க வேண்டியதில்லை என்றுதான் எஃப்.டி.ஏ. சொன்னது. ஆனால் புதிதாக வைப்பவருக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. தெரிந்தே அந்த ஆபத்தை ஏன் வாங்க வேண்டும்? என் கருத்து வெளிப்படையானது: தனிப்பட்ட மருத்துவக் காரணம் எதுவும் இல்லாவிட்டால் வழவழப்பான வகையைக் கேளுங்கள். மருத்துவர் சொரசொரப்பானதைப் பரிந்துரைத்தால், எனக்கு ஏன் அது என்று கேட்டு, பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நுண்சொரசொரப்பு என்று இடைப்பட்ட பெயர்களும் உண்டு. பெயரை விட்டுவிட்டு அந்த மேற்பரப்பு எத்தனை ஆண்டுகளாகக் கண்காணிப்பில் இருக்கிறது என்று கேளுங்கள்.

வழவழப்பு என்றால் எல்லாக் கவலையும் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம். உறையில் வரும் செதிள் செல் புற்றுநோய் பற்றி 2022இல் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. 2023 மார்ச் வரை மருத்துவ இதழ்களில் 19 பேர் பற்றித்தான் பதிவு, மிக அரிது. ஆனால் அது எல்லா மேற்பரப்பிலும், சலைனிலும் சிலிகானிலும் வந்திருக்கிறது.

நான்காம் படி: வடிவமும் அளவும்

வடிவம் இரண்டு: வட்டம், கண்ணீர்த்துளி. கண்ணீர்த்துளி வடிவம் உள்ளே புரண்டால் மார்பகமே கோணிவிடும், அதனால் அதைப் பெரும்பாலும் சொரசொரப்பாகவே செய்கிறார்கள். மூன்றாம் படியைப் படித்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. வட்டம் புரண்டாலும் வட்டம்தான்.

அளவை சிசியில் சொல்வார்கள். தோழிக்கு 325 என்பதால் உங்களுக்கும் 325 என்று போகாதீர்கள். அதே அளவு அகலமான மார்பில் தெரியாமலே போகும், குறுகிய மார்பில் பக்கவாட்டில் பிதுங்கும். நல்ல சர்ஜன் முதலில் அளப்பது உங்கள் மார்பகத்தின் அடி அகலத்தை. இம்ப்ளான்டின் அகலம் அதைத் தாண்டக்கூடாது. அதே அகலத்தில் எவ்வளவு முன்தள்ளி நிற்கும் என்பதைத்தான் புரொஃபைல் என்கிறார்கள். தாழ்ந்தது, நடுத்தரம், உயர்ந்தது என்று இருக்கும். அறையில் மாதிரிப் பைகளை பிராவுக்குள் வைத்துக் காட்டுவார்கள். ஒல்லியான மேல்சட்டை ஒன்றைக் கொண்டுபோய், அதைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நடந்து, உட்கார்ந்து பாருங்கள். பெரிதாக வைப்பது தோலை இழுத்து மெலியச் செய்யும், தொய்வை விரைவுபடுத்தும், பின்னால் எடுக்க நேர்ந்தால் தோல் தொங்கும். இரண்டு அளவுகளுக்கு நடுவே தடுமாறினால் சின்னதையே எடுப்பேன்.

ஐந்தாம் படி: எங்கே வைப்பது, எங்கே வெட்டுவது

பால் சுரப்பிக்குப் பின்னால், மார்புத் தசைக்கு மேலே வைக்கலாம். அல்லது தசைக்கு அடியில் வைக்கலாம். மேல்பாதி தசைக்கு அடியிலும் கீழ்பாதி சுரப்பிக்கு அடியிலுமாக இரண்டும் கலந்தும் வைப்பார்கள்.

மார்பகத்தின் மேல்பகுதியில் தோலை விரல்களால் கிள்ளி, தடிமனை அளப்பதைப் பார்ப்பீர்கள். 2 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் தசையைப் போர்வையாகப் பயன்படுத்துவார்கள், இல்லாவிட்டால் விளிம்பு தெரியும். தசைக்கு அடியில் வைத்தால் உறை இறுகுவது குறைவு, மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயில் திசுவைப் பார்ப்பதும் எளிது. ஆனால் முதல் சில நாட்கள் வலி அதிகம். கையை அழுத்தும்போது மார்பகம் துள்ளி நகர்வதும் உண்டு. உடற்பயிற்சியில் எடை தூக்குபவர்கள், நீச்சல் அடிப்பவர்கள் இதைக் கட்டாயம் சர்ஜனிடம் சொல்ல வேண்டும்.

வெட்டு பெரும்பாலும் மார்பகத்தின் கீழ் மடிப்பில். தழும்பு மடிப்பில் மறையும், அடுத்த முறையும் அதே வழியாகப் போகலாம். காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் விளிம்பில் வெட்டினால் தழும்பு மங்கிவிடும். ஆனால் பால் குழாய்கள் பாதிக்கலாம், அங்கிருந்து கிருமி ஏறும் வாய்ப்பும் அதிகம். அக்குள் வழியாகவும் வைப்பார்கள், பின்னால் சரிசெய்ய வேண்டி வந்தால் அந்த வழி போதாமல் போகலாம். இனிமேல் பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் கருவட்ட வெட்டைத் தவிர்க்கப் பாருங்கள். இம்ப்ளான்ட் வைத்த பலர் பால் கொடுக்கிறார்கள், ஆனால் போதிய பால் வராமல் போகும் சாத்தியமும் உண்டு.

புற்றுநோய்க்குப் பின் வைப்பவர்களுக்கு ஒரு சின்னச் சேதி. தோலை விரிக்க முதலில் எக்ஸ்பேண்டர் என்ற தற்காலிகப் பையை வைத்து, ஊசி வழியாக உப்புநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். பல எக்ஸ்பேண்டர்களின் ஊசி போடும் இடத்தில் காந்தம் இருக்கிறது. அது உள்ளே இருக்கும் வரை எங்கே எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னாலும் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: சர்ஜனிடம் கேட்பது

முறையாகப் பயிற்சி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜனா என்பதை மருத்துவப் பதிவில் சரிபாருங்கள். சுவரில் மாட்டிய சான்றிதழை வைத்து முடிவு செய்யாதீர்கள். அழகுக்கலை நிபுணர் என்ற பட்டத்துக்கு அடியில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். மயக்க மருந்து கொடுக்கத் தனி மருத்துவர் இருக்கிறாரா, இரவு இரண்டு மணிக்கு ஒரு பக்கம் வீங்கினால் யாரை அழைக்க வேண்டும், அவரிடம் வைத்துக்கொண்டவர்களில் எத்தனை பேருக்குத் திரும்பத் திறக்க வேண்டி வந்தது, என்ன காரணத்தால் என்று கேளுங்கள். என்னிடம் வைத்துக்கொண்ட யாருக்கும் பிரச்சினையே வந்ததில்லை என்பவர் ஒன்று அனுபவம் இல்லாதவர், அல்லது பின்தொடராதவர். இம்ப்ளான்டைக் கையால் தொடாமல், புனல் போன்ற உறை வழியாக உள்ளே செலுத்துவாரா என்றும் கேட்கலாம். கிருமி ஒட்டாமல் இருக்க அது ஒரு வழி.

2021 அக்டோபரில் எஃப்.டி.ஏ. ஒரு கட்டாயம் கொண்டுவந்தது. ஆபத்துகளை வரிசையாக எழுதிய முடிவுப் பட்டியலை நோயாளியோடு உட்கார்ந்து பார்த்து, கையெழுத்து வாங்கும் மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே இம்ப்ளான்டை விற்கலாம் என்று. இம்ப்ளான்டோடு வரும் விவரக் குறிப்பில் கறுப்புக் கட்டத்தில் எச்சரிக்கையும் வந்தது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அப்படி ஒரு பட்டியலைக் கேட்கலாம். ஒவ்வொரு வரிக்கும் உங்கள் மருத்துவர் பொறுமையாகப் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். அன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏழாம் படி: முன்னும் பின்னும்

புகை பிடிப்பவர்கள் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும், பின்னும் அவ்வளவு காலம். நிக்கோடின் இரத்த நாளங்களைச் சுருக்கும். தோலும் காம்பும் ஆறாமல் கறுத்துப்போகும் ஆபத்து நிஜமானது. வேப் என்ற மின்-சிகரெட்டும் நிக்கோடின் சூயிங்கமும் இதில் சேர்த்திதான். ஆஸ்பிரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மருந்துகள், மூலிகை மாத்திரைகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வயதுக்கேற்ப மேமோகிராமோ ஸ்கேனோ எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் ஒப்பிட உதவும்.

அறுவை சிகிச்சை பொதுவாக ஒன்று, இரண்டு மணி நேரம்தான். வீக்கம் வடிந்து, இம்ப்ளான்ட் இறங்கி, உருவம் நிலைக்கச் சில மாதங்கள் ஆகும். அதனால் முதல் வாரக் கண்ணாடியை நம்பாதீர்கள். காம்பில் உணர்ச்சி குறையலாம், கூடலாம். சிலருக்கு அந்த மாற்றம் நிரந்தரமாகிவிடும். எடை தூக்குவதற்கு 4 முதல் 6 வாரம் பொறுங்கள். முதல் நாட்களில் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று வீங்கி இறுகினால் உள்ளே இரத்தம் கட்டுகிறது என்று பொருள். விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே போங்கள். காய்ச்சல், சிவப்பு, சீழ் வந்தாலும் அப்படித்தான்.

இனி முக்கியமானது. இம்ப்ளான்ட் பெட்டியில் ஒட்டும் லேபிள்கள் இருக்கும். நிறுவனம், மாடல், அளவு, லாட் எண், சீரியல் எண் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். ஒன்று மருத்துவமனைக் கோப்பில் ஒட்டப்படும், ஒன்று உங்களுக்குத் தரும் அட்டையில் ஒட்டப்படும். இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டுக்கும் தனித்தனி எண். டிஸ்சார்ஜ் ஆகும்போது இந்த அட்டையைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள். படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு நீங்களே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை மூடிவிடலாம், சர்ஜன் வேறு ஊருக்குப் போய்விடலாம். பத்தாண்டு கழித்து ஒரு வகையைத் திரும்பப் பெறுகிறோம் என்று செய்தி வந்தால், அந்த எண் ஒன்றுதான் பேசும். உங்கள் நாட்டில் இம்ப்ளான்ட் பதிவேடு இருந்தால் அதிலும் சேர்க்கச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: வருடக்கணக்கில் கவனிக்க வேண்டியது

மாதம் ஒருமுறை குளிக்கும்போது தொட்டுப் பாருங்கள். இயல்பாக எப்படி இருக்கிறது என்று கைக்குப் பழகியிருந்தால் மாற்றம் உடனே தெரியும். சிலிகான் வைத்தவர்கள் மேலே சொன்ன ஸ்கேன் கணக்கைத் தவற விடாதீர்கள். மேமோகிராம் எடுக்கும்போது இம்ப்ளான்ட் இருப்பதை முதலிலேயே சொல்லிவிட்டால், அதைப் பின்னுக்குத் தள்ளித் திசுவை மட்டும் முன்னே இழுத்துக் கூடுதல் படங்கள் எடுப்பார்கள். இம்ப்ளான்ட் உடைந்துவிடும் என்று பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய ஆபத்து.

வைத்து ஓராண்டுக்கு மேல் ஆனபின், அடிபடாமலே ஒரு பக்கம் வீங்கினால் அதை லேசாக விடாதீர்கள். ஏ.எல்.சி.எல். பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டுகிறது, பல சமயம் 8, 10 ஆண்டுகள் கழித்து. அல்ட்ராசவுண்ட் பார்த்து, நீர் இருந்தால் ஊசியால் எடுத்து, செல் பரிசோதனையோடு, இந்த லிம்போமா செல்களில் காணப்படும் சி.டி.30 என்ற புரதத்தைத் தேடும் பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டும். நீரை எடுத்து வெறுமனே கொட்டிவிட்டு, சரியாகிவிடும் என்று அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சி.டி.30க்கு அனுப்பினீர்களா என்று அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

சில பெண்கள் தீராத சோர்வு, மறதி, மூட்டு வலி, தோல் தடிப்பு என்று சொல்கிறார்கள். இதற்கு இம்ப்ளான்ட் நோய் என்று பெயர் வந்துவிட்டது. உறுதிப்படுத்த ஒரு பரிசோதனையும் இல்லை. அமெரிக்காவில் 1999இல் வந்த பெரிய ஆய்வறிக்கை, சிலிகானால் உடல் முழுவதையும் தாக்கும் நோய்கள் வருவதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. ஆனால் 2021இன் கறுப்புக் கட்ட எச்சரிக்கையில் இந்த அறிகுறிகளும் இடம்பெற்றன, எடுத்தபின் சிலருக்குக் குறைவதும் பதிவாகியிருக்கிறது. எல்லாம் மனப்பிரமை என்று ஒதுக்கும் மருத்துவரையும், எல்லாவற்றுக்கும் இம்ப்ளான்ட்தான் காரணம் என்று உடனே நாள் குறிப்பவரையும் ஒரே தூரத்தில் வையுங்கள். தைராய்டு, இரத்தச் சோகை போன்றவற்றை முதலில் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

எடுக்க வேண்டி வந்தால்

எடுத்துவிட்டுப் புதிது வைக்கலாம், எடுத்துவிட்டு அப்படியே விடலாம், எடுத்துத் தூக்கித் தைக்கலாம். உறையோடு சேர்த்து ஒரே கட்டியாக எடுக்க வேண்டும் என்று பலர் கேட்டு வருகிறார்கள். புற்றுநோய் உறுதியானாலோ சந்தேகம் இருந்தாலோ அது அவசியம். மற்றவர்களுக்கு, மெல்லிய உறை விலா எலும்போடு ஒட்டியிருக்கும் இடத்தில் அதைச் சுரண்டி எடுப்பது நுரையீரல் உறையைக் கிழிக்கும் ஆபத்தைக் கூட்டும். சில இடங்களில் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த இம்ப்ளான்டைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். கிழிந்திருந்ததா, எண் பொருந்துகிறதா என்று குறித்து வாங்குங்கள். எடுத்த உறையில் சந்தேகப்படும்படி எதுவும் இருந்தால் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி, அதன் அறிக்கையைப் பழைய அட்டையோடு ஒரே கவரில் போட்டு வையுங்கள்.